சீழ்பிடித்த புண்: வீட்டுப் பராமரிப்பும் போலாரம் வட்டார மருத்துவ வசதிகளும்

சீழ்பிடித்த புண் என்பது வெட்டு, சிராய்ப்பு, ஆணிக்குத்து, விலங்குக் கடி, தீக்காயம் முதலியவற்றால் தோல் திறந்துவிட்ட இடத்தில் கிருமிகள் பெருகுவதாலும், உடல் அவற்றை எதிர்ப்பதாலும் சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் ஆகியவை தோன்றும் நிலையாகும். தோற்புண் தொற்றுகள் பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் ஆகிய பாக்டீரியாக்களால் உண்டாகின்றன. முன்னது சீழ்க்கட்டியாகத் திரள்வதும் பின்னது தோலடியில் விரைந்து பரவுவதும் வழக்கம். சிறு தொற்றைத் தூய்மையால் அடக்குவதும், அடங்காத தொற்றைக் காலத்தில் இனங்கண்டு மருத்துவரிடம் சேர்ப்பதுமே வீட்டுப் பராமரிப்பின் இரு பணிகள். இவற்றுள் இரண்டாவதே உயிர் காப்பது.

வட்டார வசதிகள்

சிக்கந்தராபாத்துக்கு வடக்கே உள்ள போலாரம், 19ஆம் நூற்றாண்டில் ஐதராபாத் கன்டிஞ்சென்ட் எனப்பட்ட படையின் பாசறையாக வளர்ந்தது. சிக்கந்தராபாத் கன்டோன்மென்ட் வாரியத்தின் பொது மருத்துவமனை போலாரத்தில் இயங்குகிறது. ஐதராபாத் நகரில் 2018 முதல் திறக்கப்பட்டுவரும் பஸ்தி தவாகானா என்னும் இலவச மருந்தகங்கள் சிறு புண்களுக்கு உதவுகின்றன. கடுமையான தொற்றுக்குச் சிக்கந்தராபாத் காந்தி மருத்துவமனையும், ரணஜன்னி, வெறிநாய்க்கடி போன்ற நோய்களுக்கு நல்லகுண்டா காய்ச்சல் மருத்துவமனையும் உள்ளன.

அறிகுறிகள்

காயம்பட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில் விளிம்பு சற்றே சிவந்து வலிப்பது ஆறுதலின் பகுதியே. அதன்பின் வலி குறையாமல் ஏறுவதும், சீழ் வடிவதும், நாற்றம் எழுவதும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுவதும் தொற்றைக் காட்டுகின்றன. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால், புறங்கையால் தொட்டுச் சூட்டையும், விரலால் மெல்ல அழுத்தி இறுக்கத்தையும் அறிய வேண்டும். சிவந்த அல்லது வீங்கிய பகுதியின் விளிம்பைப் பேனாவால் வரைந்து நேரத்தையும் அருகில் எழுதிவைத்தால், தொற்று பரவுகிறதா அடங்குகிறதா என்பது ஐயமின்றித் தெரியும். கோட்டைத் தாண்டிப் பரவினால் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

தூய்மை செய்யும் முறை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், பழைய கட்டு ஒட்டியிருந்தால் அதை இழுத்துப் பிய்க்காமல், கொதித்து ஆறிய நீரால் நனைத்து, புதிதாக வளரும் சதை கிழியாதவாறு எடுக்க வேண்டும். குடிக்கத்தக்க குழாய்நீரோ, ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பிட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோ கொண்டு புண்ணைக் கழுவி, சுற்றியுள்ள தோலைச் சோப்பால் துடைத்து, சுத்தமான காஸ் துணியால் தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டை நாள்தோறும், நனைந்தால் உடனேயும் மாற்ற வேண்டும்; கை கால்களை உயர்த்திவைத்தால் வீக்கம் குறையும். சீழ்க்கட்டியைப் பிதுக்கினால் தொற்று உள்ளே பரவக்கூடுமாதலால், வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, தேவையானால் மருத்துவரே கீறி வடிக்கும்படி விடுவதே முறை.

தவிர்க்க வேண்டியவை

காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல் ஆகியவை புண்ணை மூடி அழுக்கை உள்ளே அடைக்கின்றன. மஞ்சளுக்குக் கிருமியெதிர்ப்புத் தன்மை உண்டெனினும் அடுக்களைத் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. ஹைட்ரஜன் பெராக்சைடைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது புதுத் திசுவையும் அழிக்கும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கிருமிகள் மருந்துக்கு அடங்காமற்போக வழிசெய்கிறது. இதனைத் தடுக்கவே இத்தகைய பல மருந்துகள் 2014 முதல் எச்1 என்னும் பட்டியலின் கீழ்க் கண்டிப்புடன் கட்டுப்படுத்தப்படுகின்றன.

சிறப்புக் கவனம்

நீரிழிவால் உணர்ச்சி மரத்த பாதத்தில் வலியில்லாமலே புண் ஆழமாகும். உணர்விழப்பின் தீமையைத் தமிழ்நாட்டில் தெளிவாகக் காட்டியவர் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இவர், தொழுநோயாளரின் பாதப்புண்கள் நோயால் சதை அழுகி உண்டாவனவல்ல, வலி தெரியாமையால் ஓயாத அழுத்தத்துக்கும் காயத்துக்கும் உள்ளாவதால் வருவன என நிறுவி, மாவுக்கட்டு போட்டுப் பாதத்துக்கு ஓய்வளித்தால் அவை ஆறுவதைக் காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் அதே நெறி பொருந்தும் என்பதால், நீரிழிவு நோயாளர் பாதத்தை நாள்தோறும் பார்வையிடுவதும், சிறு புண்ணுக்கும் மருத்துவரை அணுகுவதும் இன்றியமையாதவை.

நாய் கடித்தால் கடிவாயை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டும். அழுக்கேறிய புண்ணுக்கு, கடைசி ரணஜன்னித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்வது தேவை.

அவசர நிலை

காய்ச்சலும் நடுக்கமும், புண்ணிலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு, கருத்த தோல், புண்ணின் அளவுக்கு மிஞ்சிய கடும் வலி, தாடை இறுக்கம், மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸ் போன்ற ஆபத்து இருக்கலாம் எனக் கருதி 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். காயம்பட்ட நேரம், கடைசித் தடுப்பூசி, நீரிழிவு, உண்டுவரும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுசென்றால், சிகிச்சை விரைந்து தொடங்க அதுவே பெருந்துணையாகும்.