கைல் கோர்வரின் உச்சம் எது? ஒரு மறுமதிப்பீடு

கைல் கோர்வர் என்றதும் கூடைப்பந்து எழுத்தாளர்கள் நீட்டும் எண் ஒன்றுண்டு: 53.6 விழுக்காடு. 2009-10 பருவத்தில் யூட்டா ஜாஸ் அணிக்காக அவர் எறிந்த மூன்று புள்ளி எறிதல்களின் வெற்றி வீதம் அது. ஒரு பருவத்தில் என்.பி.ஏ. கண்ட மிக உயர்ந்த அளவும் அதுவே. ஆனால் கோர்வரை அளக்க அந்த எண் உதவாது. அவருடைய உச்சம் ஐந்தாண்டு கழித்து, அட்லாண்டா ஹாக்ஸ் அணியில் வந்தது என்பதே என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். யூட்டாவில் எறிந்தவை 110, வளையத்தில் விழுந்தவை 59. 2014-15இல் அட்லாண்டாவில் எறிந்தவை 449, விழுந்தவை 221, அதாவது 49.2 விழுக்காடு. நான்கு மடங்கு எறிந்தும் சரிவு நாலரைப் புள்ளிக்குள் நின்றது. எறிதல் பெருகப் பெருக எளிய வாய்ப்புகள் தீர்ந்துபோகும், எதிரணியும் உஷாராகிவிடும். அந்த நிலையில் பிடித்து வைத்த 49.2, சொற்ப எறிதல்களில் கிடைத்த 53.6ஐ விடக் கனமானது.

எதிரணியின் உஷார்தான் இங்கே முக்கியம். அட்லாண்டா ஆட்டங்களில் கோர்வர் ஒரு மூலையில் தொடங்கி, வளையத்துக்கு அடியில் எண்ட்லைனை ஒட்டி ஓடி, சக வீரர் அல் ஹார்ஃபோர்டு, காப்பவரின் வழியை உடலால் மறித்துப் போடும் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். அவரைக் காப்பவர் ஸ்கிரீனில் சிக்கினால், ஹார்ஃபோர்டைக் காப்பவர் ஓர் அடி வெளியே வந்தாக வேண்டும். அந்த ஓர் அடியில் உள்ளே இடம் திறக்கும். பந்து ஹார்ஃபோர்டுக்கோ இன்னொரு சக வீரர் பால் மில்சாப்புக்கோ போய்விடும். கோர்வர் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார், ஸ்கோர் தாளில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறாது. அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 12.1 புள்ளிதான். அப்படியிருந்தும் 33 வயதில், காயமடைந்த டுவெய்ன் வேடுக்குப் பதிலாக, முதல்முறையாக ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குச் சேர்க்கப்பட்டார். அணி 60 ஆட்டங்களை வென்றது. 2015 ஜனவரியில் 17 ஆட்டங்களையும் வென்றபோது கிழக்குப் பிரிவின் மாதச் சிறந்த வீரர் விருதை ஐந்து தொடக்க வீரர்களுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாத ஆட்டம் அது.

எறிபவரைச் சந்தை முன்பு எப்படி மதித்தது என்பதற்கும் கோர்வரே சான்று. 2003 டிராஃப்டில் 51ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்த நியூ ஜெர்சி நெட்ஸ், உடனே ஃபிலடெல்பியாவுக்கு விற்றுவிட்டது. வந்த பணம் கோடைக்காலப் போட்டியின் நுழைவுக் கட்டணத்துக்குப் போக, மிச்சத்தில் ஒரு செராக்ஸ் மெஷின் வாங்கினார்களாம். (அந்த அலுவலகத்துக்கு அப்போது எது அவசரம் என்பது தெரிகிறது.)

மறுப்பு ஒன்று எழும்: அட்லாண்டா பயிற்சியாளர் மைக் பூடன்ஹோல்சர் வகுத்த ஆட்டமுறைதான் கோர்வரை உருவாக்கியது, முறையை எடுத்துவிட்டால் ஆள் இல்லை. பாதி உண்மை. ஆனால் 2017 ஜனவரியில் அவர் கிளீவ்லாண்டுக்கு மாறினார். லெப்ரான் ஜேம்ஸைச் சுற்றிச் சுழலும் ஆட்டம் அது; அட்லாண்டாவின் முறையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பருவத்திலும் 45.1 விழுக்காட்டோடு அவரே முதலிடம், நான்காவது முறை. அதே ஆண்டு இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், இரண்டு புள்ளி முன்னிலையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமும் இருக்கையில், லெப்ரான் உள்ளே புகுந்து பந்தை மூலையில் நின்ற கோர்வருக்குத்தான் தள்ளினார். அது தவறியது, அடுத்து எதிரணியின் கெவின் டுராண்ட் மூன்று புள்ளி எறிந்தார், கிளீவ்லாண்ட் தோற்றது. தவறியதை மட்டும் பேசுபவர்கள், அந்த நேரத்தில் பந்து யாரை நம்பிப் போனது என்பதைக் கவனிப்பதில்லை.

கடைசியாக அந்த 53.6க்கே திரும்புவோம். விழுக்காட்டுப் பட்டியலில் இடம்பெற 2009-10இல் 55 எறிதல்கள் விழுந்திருந்தால் போதும். 2013-14 முதல் அந்த வரம்பு 82 ஆக உயர்ந்தது. இன்றைய விதிப்படி கோர்வரின் புகழ்பெற்ற 59 பட்டியலிலேயே ஏறாது, 221 ஏறும்.