அறுந்த இணைப்பும் மீளும் அறிவும்

மாலையில் விளக்கேற்றவும், கதவு திறந்தால் அறிவிக்கவும், தொட்டி நிறைந்ததும் நீர்ப்பொறியை நிறுத்தவும் இன்று வீட்டிலுள்ள ஒரு சிறு கணினியே போதும். இதனை வீட்டுத் தானியக்கம் என்பர். ஆனால் இணைப்பு இடையில் அறுந்துவிட்டால் அக்கணினி என்ன செய்யும்? திறந்து கிடக்கும் கதவை 'மூடியுள்ளது' என்றே அது காட்டிக்கொண்டிருந்தால், தனித்திருக்கும் முதியவர் அதனை நம்பி உறங்கச் செல்வார் அல்லவா? அத்தகைய கருவி இருப்பதைவிட இல்லாதிருப்பதே நன்று. அறுந்த இணைப்பிலிருந்து மீளும் அறிவு ஒரே நாளில் பிறந்ததன்று. அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

விடை பெறாத கட்டளை

1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தெஸ் நகரிலிருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 'எக்ஸ்-10' என்னும் முறையை உருவாக்கிற்று. வீட்டு மின்கம்பியின் வழியே குறிகளை அனுப்பி விளக்குகளை இயக்கும் முறை இது. ஆயினும் அதன் தொடக்கக் கருவிகள் கட்டளையை ஏற்றனவேயன்றி, 'பெற்றேன்' என்று விடை கூறவில்லை. கட்டளை வழியிலேயே அழிந்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது. பெயரைக் கூப்பிட்டுவிட்டு, 'உள்ளேன் ஐயா' என்னும் குரலைக் கேளாமலே வருகை குறிக்கும் ஆசிரியரின் நிலைதான் இது.

பொறுமை கற்ற பொறிகள்

இக்குறைக்கு மருந்து, அதற்கு முன்னரே பசிபிக் பெருங்கடலில் பிறந்திருந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர், தீவுகளிலிருந்த கருவிகளை வானொலி அலைகளால் நடுக்கணினியோடு இணைத்தனர். அது 'அலோகா' வலை எனப்பட்டது. இரு கருவிகள் ஒருங்கே அனுப்பினால் இரு செய்திகளும் சிதையும். 'கிடைத்தது' என்னும் விடை வாராவிடின், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் வகுக்கத் தொடங்கிய 'ஈதர்நெட்' இக்கருத்தை வளர்த்தது. மோதல் தொடருந்தோறும் காத்திருக்கும் எல்லையை இரட்டிப்பாக்கும் முறை அதில் வேரூன்றியது.

பொறுமை தவறினால் விளைவது யாது? 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், சுமார் 400 கஜ இடைவெளியிலிருந்த இரு நிலையங்களிடையே நொடிக்கு 32,000 பிட் சென்ற இணைப்பு, வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. கணினிகள் பொறுக்காமல் மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கியதை வான் ஜேக்கப்சன் 1988இல் விளக்கி, மாற்று வழிகளையும் காட்டினார்.

முன்னரே எழுதிய இறுதிமுறி

1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் எண்ணெய்க் குழாய்களைத் துணைக்கோள் வழியே கண்காணிக்க 'எம்.க்யூ.டி.டி.' முறையை அமைத்தனர். இன்று அது இல்லங்களிலும் புகுந்துள்ளது. இணையும்போதே கருவி ஓர் இறுதிமுறியை ஒப்படைக்கலாம்: 'நான் சொல்லாமல் மறைந்தால் இதனை அனைவர்க்கும் அறிவி' என்பது அதன் பொருள். குறித்த இடைவெளியில் ஒன்றரை மடங்கு கடந்தும் கருவி பேசாவிடின், இணைப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும்; இறுதிமுறியும் அறிவிக்கப்படும். 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டன்ட்' மென்பொருளும், எட்டாத கருவியைப் பழைய நிலையில் காட்டாமல் 'கிடைக்கவில்லை' என்று காட்ட இடம் தருகிறது.

இவ்வரலாறு கற்பிக்கும் கடமைகள் மூன்று. அறுந்ததை அறிதல் வேண்டும். பொறுத்துப் பொறுத்து முயலுதல் வேண்டும். மீண்டபின் பழைய நினைவை நம்பாமல் நிலைமையைப் புதிதாகக் கேட்டறிதல் வேண்டும். மூன்றாவதே பெரிதும் மறக்கப்படுவது. மாலையில் இட்ட 'கதவைத் திற' என்னும் கட்டளை, நள்ளிரவில் இணைப்பு மீண்டதும் நிறைவேறினால் வீடு என்னாகும்?

தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளும் மாணவனையே நாம் திருத்த முடியும். பொறிக்கும் அதுவே முதற்பாடம்.