ஈறும் எல்லையும்

தமிழில் 'ஈறு' என்னும் சொல் பல்லைப் பற்றியிருக்கும் சதையையும் குறிக்கும், ஒன்றன் முடிவையும் குறிக்கும். ஓசூரிலும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் அதே சதையைத் தெலுங்கு பேசுவோர் 'சிகுரு' என்பர், கன்னடம் பேசுவோர் 'வசடு' என்பர். தெலுங்குச் சொல்லுக்குத் தளிர் என்ற பொருளும் உண்டு. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தபோதும் மைசூரோடு நின்றுவிட்ட ஓசூர், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சேலத்தோடு சேர்ந்து, 1965இல் தருமபுரி மாவட்டத்திற்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. ஆட்சி எல்லை இத்தனை முறை நகர்ந்தும் மூன்று மொழிகளும் இடம்பெயரவில்லை. அம்மூன்றிலும் தனிப்பெயர் பெற்ற இந்த உறுப்பு, இப்பகுதியின் பொதுச் சுகாதார வரலாற்றில் மட்டும் பல்லின் நிழலிலேயே கிடந்தது. பல்லின் கறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஈறுகளின் நோய் தெரியவில்லை.

தெரியாமற்போனதற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. துலக்கிய சில மணி நேரத்திற்குள் பல்லின்மீது நுண்ணுயிர்கள் ஒட்டி வளரும் மென்படலமே பற்படலம் எனப்படும். அது நீக்கப்படாமல் நின்றால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி இறுகிப் பற்காரை ஆகும். படலத்தை எதிர்த்து ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் முதல் நிலைக்கு ஈறழற்சி என்று பெயர். சுத்தம் செய்தால் இது முற்றிலும் மாறிவிடும். அடுத்த நிலையாகிய பல்சூழ் அழற்சியில் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து இடையே பை போன்ற பள்ளம் விழ, உள்ளே பல்லைத் தாங்கும் தாடை எலும்பு மெல்லக் கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. இவ்வளவு நடந்தும் வலி அநேகமாக இராது என்பதே இந்நோயின் சூது.

பழைய மருத்துவம் ஈறுகளைப் பல்லினின்று பிரித்தே கண்டது. சுசுருத சங்கிதை வாய்நோய்களை 65 என வகுத்து, அவற்றுள் பதினைந்தைப் பல்லின் அடிச்சதைக்கு உரியவையாகத் தனியே வைக்கிறது. சீழ் கசிந்து பல் ஆடும் நிலையும் அவற்றுள் அடங்கும். தடுப்பு முறையோ வீட்டு வாசலிலேயே இருந்தது. வேப்பங்குச்சியைச் சுண்டுவிரல் பருமனில் ஒடித்து, நுனியைக் கடைவாயில் நைய மென்றால் நார் பிரிந்து தூரிகை போலாகும். பல்லைத் தேய்த்து முடித்ததும் குச்சியை நெடுக இரண்டாகப் பிளந்து, வில்லாக வளைத்து நாக்கை வழிப்பர். மாவிலையைச் சுருட்டித் தேய்ப்பதும் தென்னாட்டில் உள்ள வழக்கம். மாந்தோப்புகள் மிகுந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அதற்கு இலைப் பஞ்சம் ஏற்பட வாய்ப்பில்லை. இவற்றைப் பொற்காலத்து அறிவாகப் போற்றுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: குச்சி பல்லின் வெளிப்புறத்தை நன்றாகத் துலக்கும், கீழ்முன்பற்களின் உட்புறத்தை அது எட்டுவது அரிது. நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறப்பதும் பற்காரை மிகுதியாகப் படிவதும் அங்கேதான்.

மேலை மருத்துவத்தில் இந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'பயோரியா'. சீழ் ஒழுகுதல் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ் 1876இல் இதைப் பற்றி எழுதி, வேரில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பதே சிகிச்சை என்று வாதிட்டதால், சில காலம் 'ரிக்ஸ் நோய்' என்றே அது அழைக்கப்பட்டது. தமிழகத்தில் பயோரியா என்ற சொல்லைப் பரப்பியதில் மருத்துவ நூல்களைவிடப் பல்பொடிப் பொட்டலங்களுக்கே பங்கு அதிகம். நோயின் பெயரே பொடியின் பெயராகிவிட்ட விந்தை வேறு நோய்களுக்கு எளிதில் வாய்க்காதது. புகையிலை கலந்த பற்பொடிகளும் நாட்டில் தாராளமாக விற்றன; பல் துலக்கும் பொருள்களில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இல்தான் தடை செய்தது.

பற்படலமே குற்றவாளி என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது 1965இல். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்னும் ஆய்வாளர் ஆரோக்கியமான ஈறுகளையுடைய பன்னிருவரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றி, மீண்டும் துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. அதே லோ 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள் இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்கள்; மலையகத் தோட்டங்களின் உழைப்பாளர் பெரும்பாலும் தமிழர் என்பதால், இந்நோயின் இயற்கைப் போக்கை உலகுக்குக் காட்டிய அந்த ஆய்வு தமிழ் வாசகருக்கு அயலானதன்று. பல் தூரிகையையே அறியாத, பற்சொத்தையும் அநேகமாக இல்லாத அவர்களிடையே ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சியைத் தாண்டவே இல்லை. ஒரே அழுக்கு எல்லா உடம்பிலும் ஒரே அழிவைச் செய்வதில்லை என்ற இந்த முடிவிலிருந்துதான் பரம்பரை, புகை, சர்க்கரை நோய் ஆகியவற்றின் பங்கைத் தேடும் இன்றைய ஆராய்ச்சி வளர்ந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் அரசின் கவனம் வேறொன்றில் இருந்தது. அதற்கு நியாயமும் உண்டு. கருங்கற்பாறை நிலத்தின் கிணற்று நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை மீறிப் பல ஊர்களில் இருந்ததால், பல் உருவாகும் பருவத்தில் அந்நீரைக் குடித்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை நிலைத்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் வகுக்கப்பட்டு, 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் கடந்து, 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தக் கறை அழுக்கன்று, பல்லின் உள்ளே ஊறியது. இதை அறியாமல் செங்கல்தூளும் கரியும் கொண்டு தேய்த்தால் ஈறு தேய்ந்து பல்வேர் வெளித்தெரியும். கறை அப்படியே இருக்கும்.

ஈறுகளுக்கு வந்த புதிய கேடு சாலை வழியே வந்தது. 1971இல் அமைந்த சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தபின், 1980இல் அசோக் லேலண்டும், டாடாவும் டிட்கோவும் 1984இல் கூடித் தொடங்கிய டைட்டனும், இன்னும் பல ஆலைகளும் இங்கே வேரூன்ற, தளி, அஞ்செட்டிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும் வட மாநிலத்து இளைஞர்களும் ஷிப்டு முறைக்குப் பழகினர். இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் புகையிலைத் தூளைக் கீழுதட்டுக்குள் அதக்கும் பழக்கமும் ஆலைத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது; அதக்கும் இடத்திலேயே ஈறு கீழிறங்கும். புகைப்பவருக்கோ நிகோட்டின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால் இரத்தக் கசிவு என்ற ஒரே எச்சரிக்கையும் மறைந்துவிடும். தமிழ்நாடு 2013 மே மாதம் குட்காவையும் மெல்லும் புகையிலையையும் தடை செய்தது. கர்நாடகமும் அதே ஆண்டு குட்காவைத் தடுத்தது எனினும், அங்கே பாக்குப் பொட்டலமும் புகையிலைப் பொட்டலமும் தனித்தனியே கடையில் தொங்கி, வாங்குபவர் உள்ளங்கையில் ஒன்றாயின. ஜுஜுவாடிச் சோதனைச் சாவடிப் பக்கம் வண்டிகளில் பொட்டலங்கள் பிடிபடுவது நாளிதழ்களின் வழக்கமான செய்தியாயிற்று.

சிகிச்சை ரிக்ஸ் சொன்ன இடத்திலிருந்து அதிகம் விலகவில்லை: ஸ்கேலிங் எனப்படும் காரை நீக்கம், பள்ளம் ஆழமானால் வேர்ப்பரப்பைச் சுரண்டித் தூய்மையாக்கல், அதற்கும் மிஞ்சினால் ஈறைத் திறந்து செய்யும் அறுவை. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் இன்றும் பரவலாக உள்ளது. எலும்பு கரைந்த பல்லை அதுவரை அண்டைப் பற்களோடு பிணைத்து நிறுத்தியிருந்தது அந்தக் காரைதான் என்பதால், ஆட்டம் அப்போது தெரிகிறதே தவிர அப்போது தோன்றுவதில்லை. ஆலைத் தொழிலாளர்க்கு உரிய இ.எஸ்.ஐ. மருத்துவப் பயனில் பல் மருத்துவமும் அடங்கும்; அது பல் ஆடியபின் பிடுங்கிக்கொள்வதற்கு மட்டும் உரியதன்று. காலையில் துப்பும் நுரையில் இரத்தம் கலந்திருந்தால், துலக்குவதை நிறுத்தாமல், பற்பசையை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல், அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.