வயதுவாரி இறப்பு விகிதம்

பெருந்தொற்றின்போது, தொற்று உறுதியானவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தனர் என்பதை ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனித்தனியே காட்டும் அளவு. மொத்த விகிதத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். கொரோனா பரவத் தொடங்கிய 2020இல், பிப்ரவரி 11 வரை சீனாவில் உறுதியான 44,672 பேரில் 1,023 பேர் இறந்தனர், 2.3 விழுக்காடு. 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,408 பேரில் 208 பேர், 14.8 விழுக்காடு. இத்தாலியில் மார்ச் 9 நிலவரப்படி மொத்த விகிதம் 4.3. ஆனால் பிரித்துப் பார்த்தால், எந்த வயதுப் பிரிவிலும் இத்தாலி சீனாவை மிஞ்சவில்லை. அங்கே தொற்றியவர்களில் முதியவர்கள் அதிகம். மொத்தத்தை ஏற்றிவிட்டது அதுதான்.

ஊர் அளவில் எண்கள் சிறியவை. முதியவர் நால்வருக்குத் தொற்றி ஒருவர் இறந்தால் 25 விழுக்காடு. அவர் பிழைத்திருந்தால் பூஜ்யம். இதை ‘நால்வரில் ஒருவர்’ என்று எழுதுவதே நேர்மை. நோய் முற்றியவர்களை மட்டும் பரிசோதித்தாலும் விகிதம் எகிறும். இறப்புகள் சில வாரங்கள் பிந்தியே பதிவாவதால், அலை ஏறும்போது விகிதம் குறைவாகவும் இறங்கும்போது கூடுதலாகவும் தெரியும்.