மச்சம், தழும்பு, பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பதிவு கொஞ்சம் நீளம். நான் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து என் அண்ணன் பேத்தி வீடியோவில் பேசினாள். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ‘இயர்புக்’ என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். கூடப் படித்த ஒவ்வொருவர் படமும் இருக்கிறது. சில படங்களுக்குக் கீழே கிண்டலாக ஒரு வரி. எப்போதும் லேட்டாக வருபவன், அடுத்தவர் டிபனைச் சாப்பிடுபவன், இப்படி. எல்லாம் காட்டிவிட்டுக் கேட்டாள்: “சின்னத் தாத்தா, உங்க இயர்புக் எங்கே?”

பீரோவைத் திறந்து என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதுல உங்க மச்சம் மட்டும்தானே இருக்கு!” என்று சிரித்தாள்.

வாஸ்தவம்தான். அந்த மச்சத்தின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பத்தாம் வகுப்பு. எங்களுக்கு அது பதினொன்று. அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. ஒரு நாள் பரீட்சையை வைத்து மட்டும் பையனை எடை போடக்கூடாது, அவன் பள்ளியில் படித்த விவரமும் ஒரு புத்தகமாகக் கையோடு இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கடைசியில் அந்தப் புத்தகத்தில் மிஞ்சியது பெயர், பிறந்த தேதி, மார்க்கு, இரண்டு அங்க அடையாளம்.

1964-66 கோத்தாரி கமிஷன் சொன்ன பத்தும் இரண்டும் நம் மாநிலத்துக்கு 1978-இல் வந்து சேர்ந்தது. அந்த மார்ச்சில் நாங்கள் பதினொன்றாம் வகுப்பு பரீட்சை எழுதினோம். எங்களுக்கு ஒரு வருஷம் சின்னவர்களான பத்தாம் வகுப்புப் பயல்களும் அதே மார்ச்சில் எழுதினார்கள். அவர்கள் முதல் ப்ளஸ் ஒன்னுக்குப் போனார்கள். எங்களில் போக முடிந்தவர்கள் கடைசி பி.யு.சி.க்குப் போனார்கள். கணக்கு வாத்தியார் அந்த வருஷம் முழுக்க ஒரே பயமுறுத்தல்: “டேய், கோட்டை விட்டீங்கன்னா அடுத்த வருஷம் உட்கார வகுப்பே இருக்காது. பெஞ்சை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்.”

மாப்பிள்ளை பெஞ்சுக்காரர்களே நடுங்கிப்போய்ப் படித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் அன்றைக்கும் பள்ளிக்கூட ஊர்தான். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1864-இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1929. சுற்றுப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் ரயிலேறியும் பஸ்ஸேறியும் சிதம்பரத்துக்கு வந்தார்கள். அதனால் எங்கள் வகுப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. புவனகிரி, பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஊர்தான் பெயர். இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் பேரப்பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

மொத்தம் 38 பேர். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் அடையாளப் பட்டியலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆபீஸ் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவனாகச் சட்டையைக் கழற்றச் சொல்லி மச்சம் தேடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ‘மோல்’ என்றால் மச்சம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பரங்கிப்பேட்டைக்கு உடம்பில் ஒரு மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை. கிளார்க் வியர்த்துப்போய், “போய் எங்கேயாவது விழுந்து எழுந்து வாடா” என்றார். கடைசியில் காது மடலுக்குப் பின்னால் கடுகளவு ஒன்று அகப்பட்டது. அவனுக்கே அதுவரை தெரியாது.

பிறந்த தேதி தனிக் கூத்து. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதிதான். வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். எனக்கு 1-6-1962. மழைக்காலத்தில் பிறந்தாய் என்பாள் அம்மா. ஆனால் அந்தப் பொய்த் தேதி எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். 2020 மே 31-இல் 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவன். அந்த மாதமே அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த ஆண்டு 60 ஆனது. 2022 மே வரை உங்கள் தம்பி தங்கைகள் என்னிடம் மாட்டிக்கொண்டதற்கு அந்த ஒன்றாம் வகுப்பு வாத்தியார்தான் காரணம்.

அரசாங்கம் எழுதிய அடையாளம் அது. எங்களுக்குத் தெரிந்த அடையாளம் வேறு.

புவனகிரி தறிக்காரர் வீட்டுப் பையன். பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் அவன் கால்கள் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும். பெஞ்சே ஆடும். பக்கத்தில் இருக்கும் என் கையெழுத்து குண்டாக இருந்தும் கோணலாகப் போனதற்கு அவன்தான் பொறுப்பு. கணக்கில் புலி. இழை எண்ணிப் பழகிய கண் அது. பிறகு வங்கியில் சேர்ந்து, வங்கி நாற்காலியையும் ஆட்டி ஓய்வு பெற்றான்.

பரங்கிப்பேட்டை எங்கள் சரித்திரப் பேராசான். 1781 ஜூலை 1, ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பரங்கிப்பேட்டையில் சண்டை என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பு முழுதும் அவன் பக்கம் திரும்பும். ஹைதர் அலி ஏதோ அவனுடைய தாய்மாமன் மாதிரி, “மழைக்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா ஜெயிச்சிருப்பார் சார்” என்று வருத்தப்படுவான். விடைத்தாளிலும் அதை எழுதினான். வாத்தியார் அதற்குச் சுழி போட்டுவிட்டு, ஓரத்தில் ‘எனக்கும் அதே வருத்தம்’ என்று எழுதிக் கொடுத்தார். இவன் பின்னாளில் சிங்கப்பூரில் கடை வைத்தான்.

வீராணத்தான் எங்கள் வகுப்பின் விஞ்ஞானி. சென்னைக்கு வீராணம் தண்ணீர் கொண்டுபோகிறோம் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் அப்போது சாலையோரம் கிடந்தன. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அந்தக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துதான் படிப்பான். காரணம் கேட்டதற்கு, “எதிரொலி வருதுடா. ஒரு தரம் படிச்சா ரெண்டு தரம் படிச்ச மாதிரி” என்றான். அவன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு நாள் போனேன். உள்ளே ஓர் ஆடு எனக்கு முன்பே வந்து படித்துக்கொண்டிருந்தது. வீராணம் தண்ணீர் ஒருவழியாக 2004-இல் புதுத் திட்டத்தில் சென்னைக்குப் போனபோது, “என் குழாயைக் காலி பண்ணாமலே தண்ணி விட்டுட்டாங்க” என்று போனில் சொன்னான்.

மேல வீதிக்காரன் கொண்டுவரும் டிபன் பாக்ஸில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் இருக்கும். முதல் பெஞ்சில் திறந்தால் கடைசி பெஞ்சு போய்க் கழுவித் திரும்பி வரும். அவன் அந்த வருஷம் என்ன சாப்பிட்டான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பதினைந்து வயசில் நாம் யாரும் யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை. உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராக இருந்தவர். ‘என் சரித்திரம்’ எழுத உட்கார்ந்தபோது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அதில் மகாவித்துவானிடம் கூடப் படித்த சவேரிநாத பிள்ளை முதலியவர்களை எவ்வளவு பிரியமாக எழுதுகிறார், படித்துப் பாருங்கள். நான் கிள்ளையைப் பற்றி எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு இதைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

கிள்ளை மீனவர் வீட்டுப் பையன். கரி எஞ்சின் ரயிலில் ஒரே ஸ்டேஷன்தான், ஆனாலும் முதல் பீரியடுக்கு வர மாட்டான். கேட்டால் “வண்டி லேட்டு சார்” என்பான். அதே வண்டியில் வந்த பரங்கிப்பேட்டை முன்பே வந்து உட்கார்ந்திருப்பான். விடியற்காலை வலை இழுத்துவிட்டு வருகிறவன் என்பதைச் சொல்ல மாட்டான். வகுப்பில் யார் முகம் வாடினாலும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். வாத்தியார் நடக்கும் நடையை வைத்து இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். எங்கள் வானிலை நிலையம்.

1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினம் பக்கம் புயல் அடித்தது. நாகைக்கு வந்த கேடு எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் அவன் வீட்டு வலைகள் போய்விட்டன. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வந்தான்.

பிப்ரவரியில் பிரிவு உபசாரம். குரூப் போட்டோ, ஒரு லட்டு, காராபூந்தி, காபி, எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐந்து ரூபாய். வசூல் பொறுப்பும் என்னுடையதுதான். 37 பேர் கொடுத்தார்கள். கிள்ளை கொடுக்கவில்லை. போட்டோ அன்று ஆசிரியர்கள் நாற்காலியில், நாங்கள் பின்னால் பெஞ்சு மேலும் முன்னால் தரையிலுமாக நின்றும் உட்கார்ந்தும் ஆயிற்று. அவன் கடைசி வரிசைப் பெஞ்சில் ஏறப் போனான். நான் கையில் நோட்டோடு, “காசு கொடுத்தவங்க மட்டும்தாண்டா” என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. போட்டோக்காரருக்கு ஓர் ஆள் கூடினால் ஒரு நஷ்டமும் இல்லை. அவன் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ரிசல்ட் பேப்பரில் வந்தது. அவன் நம்பரும் இருந்தது. பி.யு.சி.க்கு வரவில்லை, கடலுக்குப் போய்விட்டான். நான் கடலூர்ப் பக்கம் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். பிறகு வேலை, கல்யாணம், நீங்கள் எல்லோரும். 26 வருஷம் நான் கிள்ளைக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. சிதம்பரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி பௌர்ணமி. சுனாமி. நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பிச்சாவரம் காடு சில ஊர்களைக் காப்பாற்றியது. காட்டுக்கு வெளியே கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன இடங்கள் தப்பவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஒரு கிராம அலுவலர் நோட்டோடு நின்றார். பெயர் சொன்னேன். “அந்தப் பேர்ல மூணு பேர் இருக்காங்க சார், அடையாளம் ஏதாவது சொல்லுங்க” என்றார்.

“இடது முழங்கைக்குக் கீழே தழும்பு.”

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. மட்டிச் சிப்பி கிழித்தது, நீளமாக இருக்கும், நான் எழுதியதுதான். அவர் கேட்டபடியே உள்ளே போய்ப் பார்த்தேன். என்னென்ன பார்த்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். அந்தத் தழும்பு இல்லை. இரண்டு நாள் கழித்து, ஊர்க்காரர்களைத் தங்க வைத்திருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அவனைக் கண்டேன். அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “என்னடா வாத்தியாரே, இளைச்சுட்டே” என்றான். அன்றைக்கும் அவன் என் முகத்தைத்தான் பார்த்தான்.

அதற்குப் பிறகு விடவில்லை. அவன் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நான், என் வீட்டு விசேஷத்துக்கு அவன். உறவுக்காரர்கள் பலருக்கு அவனைத் தெரியும். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் மேற்பார்வை பார்த்தவன் அவன்தான்.

போன தை மாதம் எங்களில் 14 பேர் சிதம்பரத்தில் கூடினோம். நான் அந்தக் குரூப் போட்டோவைப் பெரிதாக்கி எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிப் பார்த்தோம். இரண்டாவது வரிசையிலேயே தகராறு. புவனகிரி தன்னையே வேறொருவன் என்று அடித்துப் பேசினான். கிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தான். விரலை வைத்து இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒருவர் பாக்கியில்லை. “இவன் கண்ணை மூடிட்டான், தும்மல் வந்துது. இவன் சட்டை இவனோடது இல்லை, அண்ணனோடது. மேல வீதி லட்டைப் பையில வச்சிருக்கான், பாரு, புடைச்சிருக்கு.” புவனகிரியைக் காட்டி, “இவன் அப்பவும் காலை ஆட்டிக்கிட்டே இருந்தான், அதான் மங்கலா விழுந்திருக்கான்” என்றான்.

எல்லோரும் சிரித்தோம். “உனக்கு மட்டும் எப்படிடா இதெல்லாம் தெரியும்?” என்று வீராணத்தான் கேட்டான்.

“நான் எதிர்ல நின்னேன்ல” என்றான்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் ஐந்து ரூபாய் விஷயத்தை ஆரம்பித்தேன். அவன் முடிக்கவே விடவில்லை. “இப்ப கொடுத்தா ஏத்துக்குவியா?” என்று பையைத் தடவினான். பிறகு, “லட்டு மட்டும் கொடுத்திருக்கலாம்டா” என்றான். பஸ் வந்துவிட்டது.

அண்ணன் பேத்திக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். படத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். கிள்ளை சொல்லச் சொல்ல நான் படத்துக்குப் பின்னால் பெயர்களை எழுதி வைத்துவிட்டேன், அதே குண்டு எழுத்தில். அவனாலும் சொல்ல முடியாதது ஒரே ஆள்தான்: மூன்றாவது வரிசை, வலமிருந்து இரண்டாவது. பாதி முகம் முன்னால் நிற்பவன் தலையில் மறைந்திருக்கிறது. ‘ஆ’ பிரிவே இல்லை, ‘இ’ பிரிவிலிருந்து வந்து நுழைந்துகொண்டவன் என்பது கிள்ளையின் சந்தேகம். அப்படியென்றால் அவனும் காசு கொடுக்காதவன்தான். எப்படியோ என் கண்ணுக்குத் தப்பிவிட்டான். படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் அப்பா, பெரியப்பா, சித்தப்பா யாராவது அந்த வருஷம் சிதம்பரத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்தவர்களாக இருந்தால் அவர்களிடம் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள்.