எல்லையைக் காக்கலாம், மனிதரை மிதிக்கக் கூடாது: குடியேற்றம் பற்றி கத்தோலிக்க திருச்சபை சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் பங்கேற்பது கத்தோலிக்கர்களின் கடமை. ஆனால் 2025 ஜூலையில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான் பெர்னார்டினோ மறைமாவட்ட ஆயர் அல்பெர்டோ ரோஹாஸ் ஒரு விலக்கு அளித்தார். குடியேற்றத் துறை அதிகாரிகள் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுபவர்கள் கோயிலுக்கு வராமல் இருக்கலாம் என்பதே அது.

என்ன காரணம்? தேவாலயம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் கைது நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய பழைய வழிகாட்டுதலை, அதே ஆண்டு ஜனவரியில் டிரம்ப் அரசு ரத்து செய்திருந்தது.

அப்படின்னா, 'யார் வேண்டுமானாலும் வரட்டும், எல்லையைத் திறந்து விடுங்கள்' என்கிறதா திருச்சபை? இல்லை.

போதனையின் அடிப்படை என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோடிக்கணக்கானோர் வீடிழந்து தவித்தனர். அந்தப் பின்னணியில் 1952-இல் போப் 12-ஆம் பயஸ் குடியேறிகள் பற்றி தனி ஆவணம் வெளியிட்டார். ஏரோது மன்னனுக்குப் பயந்து எகிப்துக்குத் தப்பிய இயேசுவின் குடும்பமே அகதிக் குடும்பங்களுக்கு முன்மாதிரி என்றது அது.

2003-இல் அமெரிக்க, மெக்சிகோ ஆயர்கள் சேர்ந்து இந்தப் போதனையை ஐந்து கொள்கைகளாகச் சுருக்கினர்:

• சொந்த நாட்டிலேயே பிழைக்க வழி இருக்க வேண்டும்.
• அது இல்லாவிட்டால், குடும்பத்தைக் காக்க வேறு நாடு செல்லும் உரிமை உண்டு.
• தன் எல்லையைக் கட்டுப்படுத்தும் உரிமை நாட்டுக்கு உண்டு.
• அகதிகளுக்கும் தஞ்சம் கோருவோருக்கும் பாதுகாப்பு தர வேண்டும்.
• ஆவணம் இல்லாதவர்களின் மாண்பும் மனித உரிமைகளும் மதிக்கப்பட வேண்டும்.

கடமை ஒருபக்கம் மட்டும் இல்லை. வசதியான நாடுகள் தங்களால் முடிந்த அளவு வரவேற்க வேண்டும். வருபவர் அந்த நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி நூல்.

வான்ஸுக்கு போப் தந்த பதில்

முதலில் குடும்பம், பிறகு அக்கம்பக்கம், சொந்த நாட்டு மக்கள், அதன் பிறகே மற்ற உலகம். இதுதான் கிறிஸ்தவ அன்பின் வரிசை என்று 2025 ஜனவரியில் கூறினார் அமெரிக்க துணை அதிபர் ஜே.டி.வான்ஸ். அவரும் கத்தோலிக்கர்தான்.

அடுத்த மாதமே அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார் போப் பிரான்சிஸ். வான்ஸ் பெயரை அவர் குறிப்பிடவில்லை. ஆனால், அன்பின் சரியான வரிசையை நல்ல சமாரியர் உவமையில் தேடுங்கள் என்றார். அந்தக் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியது வேற்று இனத்தவர். கடும் குற்றம் செய்தவர்களிடமிருந்து மக்களைக் காக்க நாட்டுக்கு உரிமை உண்டு என்பதையும் போப் ஏற்றார்.

ஆயர்கள் எடுத்த முடிவு

2025 நவம்பரில், கண்மூடித்தனமான கூட்டு நாடுகடத்தலை எதிர்த்து அமெரிக்க ஆயர்கள் அறிக்கை வெளியிட்டனர். ஆதரவு 216 வாக்குகள், எதிர்ப்பு வெறும் 5. சட்டப்படி வருவதற்கான வழிகளை விரிவாக்க வேண்டும் என்பதும் அவர்களின் நீண்டகால கோரிக்கை.

அமெரிக்காவில் பிறந்த முதல் போப்பான 14-ஆம் லியோவின் நிலைப்பாடும் இதுதான். யார், எப்போது, எப்படி உள்ளே வரலாம் என்பதை நாடு முடிவு செய்யலாம். ஆனால் 10, 15, 20 ஆண்டுகளாக நல்லபடியாக வாழ்பவர்களை அவமரியாதையாக நடத்தக் கூடாது என்கிறார் அவர்.

சுருக்கமாகச் சொன்னால், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அரசின் முடிவு. ஆனால், திருப்பி அனுப்பப்படுபவரும் மனிதர்தான் என்பதை எந்த அரசும் மறக்கக் கூடாது என்பதே திருச்சபையின் வாதம்.