ஒலிபெருக்கியில் நேரச் சீரமைப்பு

ஒரே பெட்டியிலுள்ள தாழ்சுருதி இயக்கியான வூஃபரிலிருந்தும் உயர்சுருதி இயக்கியான ட்வீட்டரிலிருந்தும் புறப்படும் ஒலி, கேட்பவரின் காதை ஒரே நேரத்தில் வந்தடையும்படி ஒலிபெருக்கியை அமைப்பதே நேரச் சீரமைப்பு. வூஃபரின் கூம்பு உள்நோக்கிக் குழிந்திருப்பதால் அதை அசைக்கும் வாய்ஸ் காயில் முகப்புப் பலகைக்குப் பின்னால் தள்ளியிருக்கும். ட்வீட்டரின் குவிமாடமோ பலகையை ஒட்டியே நிற்கும். இரண்டையும் தட்டையான ஒரே பலகையில் பொருத்தினால் வூஃபரின் ஒலி சற்றுப் பிந்தி வரும். வீட்டு ஸ்பீக்கர்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். 20 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது, ஆகவே 2.5 செ.மீ. இடைவெளி ஏறத்தாழ 73 மைக்ரோவினாடித் தாமதமாகும். இந்தத் தாமதத்தைக் காது நேரடியாக உணர்கிறது என்பதே சீரமைப்புக்குக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சீரமைப்பு தேவைதான், காரணம் அதுவன்று.

தாமதம் பெரிதானால் காது தவறாமல் கண்டுகொள்ளும். 1930களில் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் எலினார் பவலின் டேப் நடனத்தைப் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு காலடித் தட்டலும் இரட்டையாகக் கேட்டது. தாழ்சுருதி ஹார்னின் பாதை உயர்சுருதி ஹார்னுடையதைவிடச் சுமார் 8 அடி நீண்டிருந்ததே காரணம். அது 7 மில்லிவினாடித் தாமதம். டக்ளஸ் ஷியரரும் ஜான் ஹில்லியார்டும் உருவாக்கிய ஷியரர் ஹார்ன் என்ற ஒலிபெருக்கி அந்த வேறுபாட்டைப் பெருமளவு குறைத்தது. ஆனால் 7 மில்லிவினாடி, 73 மைக்ரோவினாடியைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. பிளவர்ட்டும் லாஸும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், காது மிகக் கூர்மையாக உணரும் 2000 ஹெர்ட்ஸ் பகுதியில்கூடத் தாமதத்தை உணரும் எல்லை சுமார் 1 மில்லிவினாடியாகவே இருந்தது. மனிதக் காது 10 மைக்ரோவினாடி வேறுபாட்டையும் உணருமே என்று கேட்கலாம். அந்த எண் சரியானது; ஆனால் அது இடக்காதுக்கும் வலக்காதுக்கும் இடையிலான வேறுபாடு. ஒரே பெட்டியில் வூஃபர் பிந்தினால் இரு காதுகளுக்கும் ஒரே அளவில்தான் பிந்துகிறது. லிப்ஷிட்ஸ், போகாக், வாண்டர்கூய் ஆகியோர் 1982இல் கட்டப் (phase) பிறழ்வு கேட்கக்கூடியதே என்று காட்டியதை ஒதுக்கிவிட முடியாது. எனினும் அந்த விளைவு ஹெட்ஃபோனில்தான் தெளிவாகத் தெரிந்தது. எதிரொலிக்கும் அறையில் மங்கிவிட்டது.

உண்மையான பாதிப்பு, ஒலி வூஃபரிலிருந்து ட்வீட்டருக்குக் கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் நேர்கிறது. அங்கே இரண்டு இயக்கிகளும் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11.4 செ.மீ.; 2.5 செ.மீ. பின்தங்கல் அங்கே 79 பாகைக் கட்ட வேறுபாடாகிறது. சம வலிமையுள்ள இரு அலைகள் முழுதாகக் கூடுவதற்குப் பதிலாக 2 டெசிபலுக்கும் சற்று அதிகமாக இழக்கின்றன. அத்துடன் ஒலியின் முதன்மைக் கற்றை நேரே கேட்பவரை நோக்காமல், பின்தங்கிய வூஃபரின் பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியின் நிறமும் மாறுகிறது. இவை மைக்ரோஃபோனில் அளக்கக்கூடியவை, காதுக்கும் கேட்பவை. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையின் அடிப்படையும் இதுதான்: இரு இயக்கிகளும் ஒத்த கட்டத்தில் இயங்கினால்தான் கற்றை நேராக நிற்கும்.

1970களின் நடுவில் டெக்னிக்ஸ் எஸ்பி-7000, பி அண்ட் டபிள்யூ டிஎம்6, கேஇஎஃப் 105 போன்ற ஸ்பீக்கர்கள் இதற்காக, ட்வீட்டர் பின்தள்ளி நிற்கும்படி படிக்கட்டுபோல் அடுக்கிய முகப்புடன் வந்தன. ஆனால் இயக்கியைப் பின்னே நகர்த்துவதோடு வேலை முடிவதில்லை, ஏனெனில் ஒலியை இரு இயக்கிகளுக்கும் பிரித்துத் தரும் வடிகட்டிச் சுற்றும் தன் பங்குக்குக் கட்டத்தைத் திருப்புகிறது. ஆக்டேவுக்கு 6 டெசிபல் சரியும் முதல்வரிசை வடிகட்டி மட்டுமே, எளிய சுற்றுகளில், அலைவடிவத்தைக் குலைக்காமல் கூட்டித் தருகிறது. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்களான வாண்டர்ஸ்டீனும் தீலும் அந்த வழியையே தேர்ந்தெடுத்தனர். அதற்கு விலை உண்டு: ட்வீட்டருக்குத் தாழ்சுருதிச் சுமை அதிகரிக்கிறது, இரு இயக்கிகளும் அகன்ற பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்கின்றன. மேலும் எந்தச் சீரமைப்பும் ஓர் உயரத்துக்கே பொருந்தும். இயக்கிகளின் மையங்கள் 16 செ.மீ. தள்ளியிருந்தால், 2.5 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவர் எழுந்து காது 50 செ.மீ. உயர்ந்ததும் பாதை வேறுபாடு ஏறத்தாழ 3 செ.மீ. மாறிவிடும். டிஜிட்டல் தாமதம் இயக்கியின் பின்தங்கலை ஈடுகட்டும். உயரத்தோடு மாறும் இந்த வடிவியலைத் தீர்க்காது. எனவே வடிவமைப்பவர் கேட்கும் உயரத்தில் மைக்ரோஃபோனை வைத்து, ட்வீட்டரின் இணைப்பை மட்டும் தலைகீழாக்கி அளந்து பார்க்க வேண்டும். லிங்க்விட்ஸ்–ரைலி நான்காம்வரிசை கிராஸ்ஓவரில், கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஆழமான, இருபுறமும் சமச்சீரான பள்ளம் விழுந்தால் அந்த உயரத்துக்குச் சீரமைப்பு சரியாக உள்ளது.